கவந்தி தைப்பது எப்படி: ஓரத்தில் தொடங்கி நடுவில் முடியும் ஒட்டுப்போர்வை

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஹலியாள், யெல்லாப்பூர் பக்கம் வாழும் சித்திப் பெண்கள் கையாலேயே தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். (அம்மாவின் தங்கையைச் சொல்லவில்லை. ஆப்பிரிக்க வழிவந்த அந்த மக்களின் பெயரே சித்திதான்.) அடியில் ஒரு பழைய சேலை, மேலே வீட்டில் மிஞ்சிய துண்டுத்துணிகள், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க ஓட்டுத் தையல் (ரன்னிங் ஸ்டிச்). வேறொன்றும் கிடையாது.

நான் சொல்லிக்கொடுத்தவர்களில் அதிகம் தடுமாறியது, ஏற்கெனவே மெஷினில் ஜாக்கெட் தைப்பவர்கள். துண்டுகளை முதலில் ஒன்றோடொன்று மூட்டிவிட்டு, பிறகு அடித்துணியில் வைக்கலாம் என்று அவர்கள் கை தானாகப் போகிறது. கவந்தியில் அந்த மூட்டும் வேலையே இல்லை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் ஒரு சின்னதைத் தைத்துப் பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரம் போதும்.

1. ஊசியை எடுக்கும் முன்: எது எதற்குப் பிறகு?

ஒட்டுப்போர்வைகளில் பல வகை உண்டு. அமெரிக்கக் குவில்ட்டில் மேல்துணியைத் துண்டு துண்டாக மூட்டி முடித்து, பஞ்சுத் தகட்டையும் அடித்துணியையும் சேர்த்து, நடுவிலிருந்து வெளியே தைத்துக்கொண்டு போவார்கள். சுருக்கத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடுவதற்காக அப்படி. சிந்து, ராஜஸ்தான் பக்கத்து ரல்லியிலும் மேல்துணி முதலில் தயாராகிவிடும். வங்காளத்துக் கந்தாவில் பழைய சேலைகளை அடுக்கி, அதன்மேல் நேராக நூலோட்டம்.

கவந்தி இவற்றுக்கு நேர் எதிர்த் திசை. வெளி ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே வந்து, நடுவில் முடிகிறது. ஒட்டு வைப்பதும், அதைப் பிடிப்பதும், அடுக்குகளைச் சேர்ப்பதும் ஒரே தையல்தான்.

இந்தத் திசைக்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு ஒட்டின் வெளிப்பக்க ஓரம் மடிக்கப்பட்டு மேலே தெரியும். உள்பக்க ஓரம் பிசிறோடு அப்படியே விடப்படும். அடுத்த சுற்று ஒட்டு வந்து அந்தப் பிசிறை மூடும். கூரை ஓடு மாதிரி, ஒன்றின் நுனி இன்னொன்றுக்குக் கீழே. நடுவிலிருந்து தொடங்கினால் இது நடக்காது.

2. துணி சேர்ப்பது

பருத்தி, மென்மையானது, பலமுறை துவைத்தது. இந்த மூன்றும் இருந்தால் கை வலிக்காது. பழைய நூல் சேலை, வேட்டி, பருத்தி நைட்டி, சட்டைத் துணி எல்லாம் சரி. ஜார்ஜெட்டும் பாலியஸ்டரும் வேண்டாம். அவற்றில் மடிப்பு நிற்காது, விரலை எடுத்ததும் விரிந்துவிடும். பருத்திதானா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிவது போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, கெட்டியான மணியாகிவிடும்.

தையல் கடையில் கிடைக்கும் வெட்டுத்துணியை எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம். ஜாக்கெட் வெட்டியதில் மிஞ்சுவதில் பாதி கிராஸாக வெட்டியதாக இருக்கும். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் ரப்பர் போல நீளும். அதை ஓரத்தில் வைத்தால் போர்வையின் ஓரம் அலை அலையாகிவிடும். நீளும் துண்டுகளை உள் சுற்றுகளுக்கு ஒதுக்கிவையுங்கள்.

எவ்வளவு துணி வேண்டும்? போர்வையின் பரப்பில் ஒன்றரை மடங்கு. மடிப்புக்கும் மேலே ஏறி உட்காருவதற்கும் அவ்வளவு போய்விடும். 5-க்கு 7 அங்குலத் துண்டில் கண்ணுக்குத் தெரிவது 4-க்கு 6 தான்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரே அளவில் வெட்டி அடுக்கிவைக்காதீர்கள். புதிதாக வருபவர்கள் ஆசையாகச் செய்வதும் இது, பிறகு தூக்கிப்போடுவதும் இதைத்தான். இரண்டு சுற்று முடிந்ததும் இடைவெளியின் அளவு மாறியிருக்கும், வெட்டிவைத்தது பொருந்தாது. நான் தைக்கப் பார்த்த ஒரு சித்தி அம்மாவிடம் இஞ்ச் டேப்பும் இல்லை, குண்டூசியும் இல்லை. மூட்டையில் கைவிட்டு ஒரு துண்டை எடுப்பார், இடத்தில் வைத்துப் பார்ப்பார், அதிகமாக இருந்தால் கிழித்துவிடுவார். வெட்டுவதைவிடக் கிழிப்பது நல்லது என்று அப்போதுதான் புரிந்தது. கிழித்த ஓரம் நூலோடு நேராக வரும், மடிக்கச் சுலபம்.

3. துவைத்து, சாயம் பார்த்து

புதுத் துணி ஒன்றுகூட இருந்தாலும் முதலில் துவைத்துவிடுங்கள். புதுத் துணி சுருங்கும், பக்கத்தில் இருக்கும் பழையது சுருங்காது. முடித்த பிறகு இந்தக் கணக்குத் தீர்ந்தால் போர்வை கோணிக்கொள்ளும். கஞ்சி போட்ட வேட்டியையும் அலசிவிட வேண்டும், கஞ்சியில் ஊசி இறங்காது.

சிவப்பு, கருநீலம், அரக்கு ஆகிய மூன்றையும் தனியாகச் சோதியுங்கள். ஈரமாக்கி, ஒரு வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தி இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி இந்தப் போர்வைக்கு இல்லை. என் முதல் கவந்தியில் ஒரு சிவப்புச் சுங்குடித் துண்டை, 10 வருடம் உடுத்திய சேலைதானே என்று நம்பி வைத்தேன். முதல் துவையலில் வெள்ளை வேட்டி அடிப்பக்கம் முழுக்க ரோஸ் ஆகிவிட்டது.

4. நூல், ஊசி, நேரக் கணக்கு

தையல் இதில் ஒளிந்திருக்காது, அழகே அதுதான். அதனால் தடித்த பருத்தி நூல். 6 இழை எம்ப்ராய்டரி நூலில் 3 இழை எடுத்தால் சரியாக இருக்கும். வெள்ளை எடுங்கள். எந்த நிறத்தின் மேலும் எடுத்துத் தெரியும், தையல் கோணிப்போனாலும் உடனே காட்டிக்கொடுக்கும்.

ஊசி, கண் பெரிதாகவும் முனை கூர்மையாகவும் உள்ள எம்ப்ராய்டரி ஊசி. கோணி ஊசி வேண்டாம், அது போன இடம் ஓட்டையாகத் தெரியும். நடுவிரலுக்கு ஒரு உறை கட்டாயம். முதல் நாள் தேவைப்படாது போலிருக்கும், மூன்றாம் நாள் தெரியும்.

நூல் ஒரு கை நீளத்துக்கு மேல் கோக்காதீர்கள். அடிக்கடி கோக்கச் சோம்பல்பட்டு நீளமாக எடுத்தால், துணியில் உரசி உரசி நூல் பஞ்சாகி, பாதியில் முடிச்சு விழும்.

வரிசைகளுக்கு நடுவே அரை அங்குலம் விட்டால், ஒரு சதுர அடிக்கு 24 அடி நீளம் தைக்க வேண்டும். 36 அங்குலச் சதுரக் குழந்தைப் போர்வை 9 சதுர அடி. ஆகத் தையல் 216 அடி, ஏறத்தாழ 66 மீட்டர். மேலும் கீழும் போவதற்கும் முடிச்சுக்கும் சேர்த்து 90 மீட்டர் நூல் கையில் இருக்கட்டும். 8 மீட்டர் எம்ப்ராய்டரி நூல்கட்டை 3 இழையாகப் பிரித்தால் 16 மீட்டர், அப்படி 6 கட்டு. மொத்தமாக ஒரே தடவையில் வாங்குங்கள். பிறகு வாங்கும் வெள்ளை, வேறு வெள்ளையாக இருக்கும்.

நேரம்? எனக்கு ஒரு சதுர அடிக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. முதல் முறை அதைப்போல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5. அடித்துணி

36 அங்குலப் போர்வைக்கு 37 அங்குலச் சதுரம். நாலு பக்கமும் அரை அங்குலம் உள்பக்கமாக மடித்து இஸ்திரி போடுங்கள். சேலையில் தேய்ந்த இடம் உடல் பகுதியின் நடுவில் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, கெட்டியான இடமாக எடுங்கள். முந்தானைப் பக்கம் பெரும்பாலும் உழைத்திருக்காது.

நடுவில் ஒரு அடுக்கு வேண்டுமா என்பது ஊரைப் பொறுத்தது. நம் வெயிலுக்குத் தேவையே இல்லை. குளிர்ப் பிரதேசம் என்றால் ஒரு பழைய வேட்டியை 36 அங்குலத்துக்கு வெட்டி, அடித்துணியின் மடிப்புக்குள் செருகுங்கள். இரண்டு அடுக்குக்கு மேல் போகாதீர்கள், கை ஊசி ஒரே குத்தில் இறங்காது. ஒவ்வொரு தையலையும் தனித்தனியாகக் குத்தி எடுக்க வேண்டிவரும்.

தரையில் பாய் விரித்து, அதன்மேல் இதை விரித்து, குறுக்கும் நெடுக்குமாக ஒரு சாண் இடைவெளியில் பெரிய பெரிய தையலாகத் தற்காலிக நூல் ஓட்டிவிடுங்கள். அனுபவசாலிகள் இதைச் செய்வதில்லை. நாம் செய்வோம்.

6. முதல் மூலை, பூ

வலதுகைக்காரர்கள் தங்களுக்கு அருகில் உள்ள ஓரத்தில், வலது மூலையில் தொடங்குங்கள். தையல் வலமிருந்து இடம் போகும்.

முதல் ஒட்டின் கீழ்ப்பக்கத்தையும் வலது பக்கத்தையும் அரை அங்குலம் உள்ளே மடியுங்கள். மற்ற இரண்டு பக்கமும் பிசிறோடு இருக்கட்டும். இதை அடித்துணியின் மூலையில், மடிப்போடு மடிப்பு சேரும்படி வையுங்கள். இப்போது வெளியே பிசிறு எதுவும் தெரியக்கூடாது. மூலையில் மடிப்பு தடித்துக்கொண்டால் உள்ளே இருக்கும் கூடுதல் முனையை வெட்டிவிடலாம்.

தைக்கும் முன் ஒரு நிமிடம். சித்திகள் கவந்தியின் மூலைகளில் மடித்த துணியால் ‘பூலா’ வைப்பார்கள், பூ என்றே பொருள். பூ இல்லாத போர்வை அவர்கள் பேச்சில் அம்மணமாக நிற்கும் போர்வை. கடைசியில் பின்னால் வைத்தும் தைக்கலாம், ஆனால் தொடக்கத்திலேயே அடுக்குகளுக்கு நடுவே செருகிவிட்டால் உறுதியாக இருக்கும் என்பது என் வழக்கம். 4 அங்குலச் சதுரத்தை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, அதை இன்னொரு முறை பாதியாக மடியுங்கள். பிசிறெல்லாம் நீளமான பக்கத்தில் வந்து சேரும். அந்தப் பக்கத்தை, மூலையை ஒட்டிய விளிம்பில், அடித்துணிக்கும் ஒட்டுக்கும் நடுவில் முக்கால் அங்குலம் உள்ளே செருகுங்கள். கூர்முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குழந்தைகள் முதலில் வாயில் வைப்பது இதைத்தான், அதனால் இந்த இடத்தில் இரட்டை வரிசை தையுங்கள்.

7. முதல் சுற்று

நூலின் முடிச்சை ஒட்டின் மடிப்புக்குள் மறைத்து, விளிம்பிலிருந்து கால் அங்குலத்துக்குள் தொடங்குங்கள். ஊசியில் மூன்று நான்கு தையல் கோத்து இழுக்கலாம். தையலின் நீளம் ஒரு பச்சரிசி அளவு. இடது கை எப்போதும் துணிக்கு அடியில் இருக்கட்டும். ஊசி முனை அந்த விரலில் லேசாகப் பட்டால்தான் எல்லா அடுக்கையும் தாண்டிவிட்டது என்று அர்த்தம். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

ஒவ்வொரு முறை நூலை இழுத்த பிறகும் கட்டைவிரலால் அந்தத் தையலின் மேல் ஒரு தடவை தடவுங்கள். சுருங்கின துணி விரியும். இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது நடுவுக்கு வரும்போது தெரியும்.

முதல் ஒட்டின் இடது ஓரத்துக்கு ஒரு அங்குலம் முன்பே நிறுத்தி, அடுத்த ஒட்டை வையுங்கள். இதற்கும் கீழ்ப்பக்கமும் வலது பக்கமும் மடிப்பு. வலது மடிப்பு, முந்தைய ஒட்டின் பிசிறு மேல் அரை அங்குலம் ஏறி உட்கார வேண்டும். ஓரம் வரை தைத்துவிட்டு யோசித்தால் நூல் மடிப்பைத் தாண்டிப் போயிருக்கும், பிரிக்க வேண்டும்.

இடது மூலைக்கு வரும் ஒட்டுக்கு மூன்று பக்கம் மடிப்பு: கீழே, வலது, இடது. மூலையைத் தொட்டதும் துணியைத் திருப்பி, அடுத்த ஓரத்தை உங்கள் பக்கம் கொண்டுவாருங்கள். நீங்கள் திரும்பாதீர்கள், போர்வைதான் திரும்ப வேண்டும். கை எப்போதும் ஒரே திசையில் தைத்தால்தான் தையல் ஒரே மாதிரி இருக்கும்.

நாலாவது ஓரத்தின் கடைசி ஒட்டுக்கும் மூன்று மடிப்பு வேண்டும். அது போய்ச் சேருவது முதல் ஒட்டின் பிசிறு ஓரத்தில், அதையும் மூட வேண்டும். வகுப்பில் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதை மறப்பார்கள். பிறகு வலது மூலையில் ஒரு வரிப் பிசிறு சிரித்துக்கொண்டிருக்கும். மறந்துவிட்டால் பிரிக்க வேண்டாம். நாலு பக்கமும் மடித்த ஒரு சின்ன ஒட்டை மேலே வைத்துத் தைத்துவிடுங்கள்.

இன்னொன்று. மடியில் வைத்துத் தைப்பவர்கள் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நின்று பாருங்கள். ஒருவர் தன் முந்தானையையும் சேர்த்து இரண்டடி தைத்திருந்தார். வீட்டுக்குக் கிளம்ப எழுந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

8. இரண்டாம் சுற்றிலிருந்து

சுற்று முடிந்ததும் நூலை முடிச்சிட்டு நிறுத்தாதீர்கள். அரை அங்குலம் உள்ளே ஏறி அப்படியே தொடருங்கள், கொசுவர்த்திச் சுருள் போல. ஒட்டின் உள்பக்கப் பிசிறு நெருங்கும் வரை அதன்மேலேயே வரிசை வரிசையாகப் போகும்.

பிசிறுக்கு ஒரு அங்குலம் இருக்கும்போது புது ஒட்டு. அதன் வெளிப்பக்க மடிப்பு பழைய ஒட்டின் மேல் குறைந்தது அரை அங்குலம் ஏற வேண்டும், மடிப்பின் விளிம்பு நீங்கள் அடுத்துத் தைக்கப்போகும் வரிக்கு ஒரு நூல் அளவு வெளிப்பக்கமாக இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த வரிசை மடிப்பையும் சேர்த்துப் பிடிக்கும். மடிப்பு வரிக்கு உள்ளே தள்ளிப்போனால் பிடிப்பில்லாத வாயாகத் திறந்து நிற்கும், குழந்தையின் விரல் மாட்டும்.

துண்டுகளின் அகலம் வேறு வேறாக இருப்பதால் பிசிறு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வராது. ஓரிடத்தில் மூன்றாவது வரிசையிலேயே புது ஒட்டு தேவைப்படும், பக்கத்தில் ஏழாவது வரிசை வரை தேவைப்படாது. அது தப்பில்லை. கவந்தியின் கோலம் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் வருகிறது. எல்லாவற்றையும் சரிசமமாக்க வேண்டும் என்று துண்டுகளை வெட்டிச் சீராக்குபவர்களுக்குக் கிடைப்பது பாத்ரூம் டைல்ஸ்.

நிறம் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். பிடித்த துணியை எல்லாம் முதல் சுற்றிலேயே தீர்த்துவிடாதீர்கள்.

9. நடுவில் வரும் வீக்கம்

கவந்தியில் இருக்கும் ஒரே உண்மையான தொல்லை இதுதான். ஒவ்வொரு வரிசையும் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குகிறது. வெளியே சுருங்கியது சுருங்கிவிட்டது, நடுவில் இன்னும் தைக்காத அடித்துணி அதே அளவில் இருக்கிறது. மிச்சம் போக இடமில்லாமல், கடைசியில் நடுப்பகுதி பூரி போல உப்பிக்கொள்ளும்.

தடுக்க வழி இரண்டு. ஒன்று, முன்னே சொன்ன கட்டைவிரல் தடவல். இரண்டு, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் போர்வையைத் தரையில் விரித்து, உள்ளங்கையால் ஓரத்திலிருந்து நடுவுக்கு நீவி, பின்பக்கம் திருப்பிப் பார்ப்பது. பின்பக்கம் மடிப்பு விழுந்திருந்தால் அந்த வரிசையை அப்போதே பிரித்துவிடுங்கள். பத்து அங்குலம் பிரிப்பது ஐந்து நிமிட வேலை. மூன்று சுற்றுக்குப் பிறகு பிரிப்பது ஒரு சாயங்கால வேலை.

அதையும் மீறி உப்பிவிட்டதா? அரை அங்குலத்துக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள், துவைத்த பிறகு தெரியாது. அதற்கு மேல் என்றால், அடித்துணியில் மிச்சத்தை ஒரே மடிப்பாகக் கிள்ளி, தட்டையாகப் படியவைத்து, மேலே ஒட்டை வைத்துத் தைத்துவிடுங்கள். பின்பக்கம் ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான்.

ஒரு கையகலம் மிஞ்சும்போது தற்காலிக நூலை உருவிவிட்டு, கடைசி ஒட்டை எடுங்கள். இதற்கு மட்டும் நாலு பக்கமும் மடிப்பு. இதுவரை மிச்சம் இருந்த எல்லாப் பிசிறையும் மூடப்போவது இது ஒன்றுதான், ஆகவே இடைவெளியைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலம் பெரிதாகவே எடுங்கள். சுற்றிக்கொண்டே உள்ளே போய், நடுவில் சின்னதாக ஒரு பின்னோக்குத் தையல் போட்டு, நூலை அடுக்குகளுக்கு நடுவே இரண்டு அங்குலம் ஓட்டி வெளியே எடுத்து வெட்டுங்கள். முடிச்சை மேலே விட்டால் துவைக்கத் துவைக்க அவிழும்.

10. முதல் துவையல், பிறகு

குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் சோப்பு, கையால். பிழிந்து முறுக்காதீர்கள், ஈரக் கனத்தில் நூல் இழுபடும். கொடியில் தொங்கவிடாமல், பாயில் விரித்து நிழலில் காயவையுங்கள். காய்ந்து வரும்போது தையல்களுக்கு நடுவே துணி லேசாகப் புடைத்து, மேலே கையை ஓட்டினால் மெல்லிய வரப்பு வரப்பாகத் தட்டுப்படும். கவந்திக்கு அதுதான் அடையாளம், இஸ்திரி போட்டு அதைக் கொன்றுவிடாதீர்கள்.

ஒன்றிரண்டு வருடத்தில் ஏதாவது ஒரு ஒட்டு தேயும். அதைப் பிரித்து எடுக்க வேண்டியதில்லை. அதைவிட ஒரு விரல்கடை பெரிய துண்டை நாலு பக்கமும் மடித்து மேலே வைத்து, கீழே ஓடும் பழைய வரிசைகளின் மேலேயே ஊசியை விட்டுத் தையுங்கள். மீந்த நூலில் ஒரு கட்டை இதற்காகவே எடுத்துவைத்திருங்கள்.